ராமானுஜத்தில் வந்த ஆச்சி, சிவகங்கையில் போன கதை

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சில சொற்கள் கைப்பழக்கம் ஆகிவிடும். 'இருதரப்பு உறவு', 'புரிந்துணர்வு ஒப்பந்தம்', 'உள்கட்டமைப்பு மேம்பாடு', 'இணைப்புத் திட்டங்கள்'. கண்ணை மூடிக்கொண்டு டைப் செய்யலாம். செய்தி வந்த ஐந்தாவது நிமிடம் தலைப்பு, பத்தாவது நிமிடம் நோட்டிஃபிகேஷன். எந்த நாட்டுத் தலைவர் எந்த நாட்டுக்குப் போனாலும் முக்கால்வாசி வாக்கியங்கள் அவைதான். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவில் வீட்டிலிருந்தபடியே எனக்கு ஷிப்ட். முந்தைய நாள்தான் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் ஏழு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தன. அன்று காலை அனுராதபுரத்தில் பிரதமர் மோடியும் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் மாகோ – ஓமந்தை ரயில் பாதையைத் தொடங்கிவைத்தார்கள். 128 கிலோமீட்டர். இந்திய உதவியில் புதுப்பித்த பாதை. அங்கிருந்து கிளம்பிய பிரதமர் நேராக ராமேஸ்வரம் வந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறந்துவைத்தார். 2.08 கிலோமீட்டர் நீளம், நடுவில் கப்பல் வந்தால் செங்குத்தாக மேலே தூக்கும் 72.5 மீட்டர் இரும்புப் பகுதி. எனக்கு இரண்டு செய்தி, இரண்டு வீடியோ, நான்கு கார்டு. அவ்வளவுதான்.

பாம்பன் வீடியோ லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆச்சி எழுந்து வந்தாள்.

"ஏட்டி, பக்கத்துல ஒரு பழைய பாலம் தெரியுதுல்லா, அதுலதான் நாங்க வந்தோம்."

தெரிந்த விஷயம்தான். ஆச்சி இலங்கையில் பிறந்தவள் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். தெருவில் அவளுக்குப் பெயரே 'கொழும்பு ஆச்சி'தான். கொழும்பில் அவள் ஒருநாள்கூட இருந்ததில்லை, அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பது வேறு. சும்மா பேச்சுக்கு, அனுராதபுரம் வீடியோவையும் காட்டினேன். "இந்தத் தண்டவாளமும் நம்மாளுக போட்டதுதான் ஆச்சி. மாகோவுல ஆரம்பிச்சு அனுராதபுரம், மதவாச்சி வழியா..."

அவள் என்னை முடிக்க விடவில்லை. "மதவாச்சியில நின்னு, அங்கிருந்து தலைமன்னாருக்குத் திரும்பும். ராத்திரி பூரா அந்தக் கோச்சியிலதான் அழுதுகிட்டு வந்தோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே நாளில் நான் போட்ட இரண்டு செய்திகளும் என் ஆச்சி 1973-ல் வந்த ஒரே பாதையின் இரண்டு துண்டுகள். நடுவில் இருந்த கடல்தான் செய்தியில் இல்லை.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களை, சுதந்திரம் வாங்கியதும் இலங்கை அரசு குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கிவிட்டது. அவர்களை என்ன செய்வது என்று 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு நாடுகள் சேர்ந்து செய்த மாபெரும் போக்குவரத்து ஏற்பாடு என்று இதையும் சொல்லலாம். ஏற்றி இறக்கியது மனிதர்களை.

மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து ரயில், தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மறுபடி ரயில், பாம்பன் தாண்டி மண்டபம் முகாம். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அழுத அழுகையில் அந்த ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். கப்பலின் பெயர் ராமானுஜம். மண்டபத்தில் ஒரு குடும்ப அட்டை கொடுத்து, சொந்த ஊர் எது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஆச்சியின் தாத்தா காலத்தில் விட்டுப்போன ஊர், சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். அங்கே வந்து இறங்கியபோது ஆச்சிக்கு 15 வயது. குளிர் தெரியும், மழை தெரியும், கொழுந்து பறிக்கத் தெரியும். வெயிலும் பருத்தியும் தெரியாது. பிறகு சங்கரன்கோவிலுக்குக் குடிவந்து, விசைத்தறிக்குத் தார் சுற்றியே என் அம்மாவையும் சித்தியையும் வளர்த்தாள்.

அழுகைக் கோச்சியில் ஒரு ஆள் குறைந்தது. ஆச்சியின் அண்ணன். அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். அவருக்கும் அவர் மனைவிக்கும் இந்தியக் காகிதம் வந்திருக்கவில்லை. "நீங்க முன்னால போங்க, காயிதம் வந்ததும் நாங்க பின்னாலயே வந்துருவோம்" என்று தலைமன்னார் வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்.

அவர் வரவேயில்லை. 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டதாக ஒரு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஆச்சியின் அப்பா, அதாவது என் பூட்டன், 1985-ல் இறக்கும்வரை "மூத்தவன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். தோட்டத்து விலாசத்துக்குக் கொடுத்த தந்திக்குப் பதில் இல்லை. ஆச்சி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: பொண்டாட்டி பேச்சைக் கேட்டு அங்கேயே இருந்துவிட்டான். அந்த முடிவோடு அவள் நாற்பது வருஷம் வாழ்ந்தாள். போர் முடிந்து, யார் யாரையோ பிடித்து ஒரு போன் நம்பர் கிடைத்து, வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்த பிறகும் அந்தக் கேள்வியை இருவரும் தொடவில்லை. "சாப்பிட்டியா, மழை பெய்யுதா, பேத்தி என்ன படிக்குது?" அவ்வளவுதான் பேச்சு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆச்சி கேட்டாள்: "அந்தக் கோச்சி கிளிநொச்சிக்குப் போவுமா?"

போகும். ஓமந்தைக்கு வடக்கே இருக்கிற பாதையும் இந்தியாவின் இர்கான் நிறுவனம் போட்டதுதான். 1990-ல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பெயர்த்துப் பதுங்குகுழிகளுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். மண்மேடு மட்டும்தான் மிச்சம். அதன்மேல் இந்தியா கொடுத்த கடனில் புதிதாகப் பாதை போட்டு, 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் போனது. 'கடன்' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். நம் செய்திகளில் எல்லாமே 'உதவி' என்று ஒரே சொல்லில் போய்விடுகிறது. கடன் வேறு, மானியம் வேறு. வாங்கிய வீட்டுக்காரருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது என்பதை நானே மூன்று முறை செய்தியாகப் போட்டிருந்தேன். 2023 அக்டோபர் 14-ல் 'செரியபாணி' என்ற கப்பலோடு தொடங்கி, ஒரு வாரத்தில் மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு தனியார் நிறுவனம் மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக்கு நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும். டிக்கெட் விலை தாங்கக்கூடியதாக இருக்க இந்திய அரசு செலவில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 61.5 மில்லியன் டாலர் மானியமும் அறிவித்திருக்கிறது.

"மதுரையில இருந்து கொழும்புக்கு ஃப்ளைட் இருக்கு ஆச்சி. சென்னையில இருந்து யாழ்ப்பாணத்துக்கே இருக்கு. சுலபம்" என்றேன்.

"கப்பல்ல வந்தவ கப்பல்லதான் போவேன்."

பிறகு மூன்று மாதம் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தோம். ஆச்சியிடம் ஆதார் இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'இலங்கை' என்று எழுதியதும் எல்லாம் நின்றுவிட்டது. ஓர் அலுவலகத்தில் "அகதியா?" என்று கேட்டார்கள். ஆச்சிக்கு வந்ததே கோபம். "நான் அகதி இல்லைய்யா. ரெண்டு சர்க்கார் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தவ." அகதி என்பது இழிவான சொல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆச்சி சொன்னது சட்டப்படியும் சரி. தாயகம் திரும்பியோர் என்பது அவர்களுக்கு அரசு வைத்த பெயர். வரும்போதே இந்தியக் குடிமக்கள்.

நிரூபிக்கக் காகிதம்? டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்குள் சுற்றி இருந்தது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் பூட்டன் பெயரில் கொடுத்த பாஸ்போர்ட். அதில் பிள்ளைகள் வரிசையில் ஆச்சியின் பெயர். கூடவே மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. ஐம்பது வருஷம் கறையான் தொடாமல் வைத்திருந்த அவளைத்தான் பாராட்ட வேண்டும். போலீஸ் விசாரணைக்கு வந்தவர் அந்தப் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எங்க பெரியம்மாவும் இப்படித்தான் வந்தாங்க" என்றார். அதன்பின் வேகம்.

ஜூலை தொடக்கத்தில் கிளம்பினோம். "ஆடித்தபசுக்குள்ள திரும்பிரணும்" என்பது ஆச்சி போட்ட ஒரே நிபந்தனை. சங்கரநாராயணர் கோயில் தபசு பார்க்காமல் அவள் ஒரு வருஷமும் இருந்ததில்லை.

சாமான் கட்டுவதில் பெரிய போர். போக வர டிக்கெட் 8,500 ரூபாய். இலவசமாகக் கொண்டுபோக 10 கிலோ. அதற்கு மேல் எடைக்குக் காசு. ஆச்சியின் பட்டியலில் சங்கரன்கோவில் காட்டன் சேலை எட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சீரணி, கருப்பட்டி, ஊறுகாய், அதற்கு மேல் கோமதி அம்மன் சன்னதிப் புற்றுமண். மண்ணை நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது என்று புரியவைக்க அரைநாள் ஆனது. "மண்ணுக்குமா பாஸ்போர்ட்?" என்று கேட்டுவிட்டு, குங்குமமும் திருநீறும் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

இரவு பஸ்ஸில் மதுரை, தஞ்சாவூர் என்று மாறி நாகை போய்ச் சேர்ந்தோம். துறைமுகத்தில் சுங்கம், குடியேற்றம் எல்லாம் சின்ன அளவில், ஆனால் முறையாக இருந்தது. எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். கோயில் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள், மருத்துவமனைக்கு வந்தவர்கள், இங்கே கல்யாணச் சேலை எடுத்தவர்கள். மீதியில் சில சிறு வியாபாரிகள். ஒரு பெண் துணிமூட்டையைத் தராசில் வைத்து, இரண்டு சேலையை எடுத்துத் தோழியின் பையில் போட்டு, மறுபடி வைத்து, கணக்கை நேர்செய்துகொண்டிருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் மாற்றி ஏற்றும் சரக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது என்று செய்திகளில் எழுதியிருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே தாய்க்கப்பலில் ஏறும் கன்டெய்னர்கள். அந்தக் கணக்கில் இந்தப் பெண்ணின் இரண்டு சேலை எங்கேயும் வராது.

கப்பல் நகர்ந்ததும் ஆச்சி ஜன்னலோரம் போய் நின்றாள். நான் எதிர்பார்த்தது மாதிரி அழவில்லை. "ராமானுஜம் இதைவிடப் பெருசு. ஆனா இது சுத்தமா இருக்கு" என்று தீர்ப்பு சொன்னாள். ஒரு மணி நேரத்தில் எனக்கு வாந்தி. ஆச்சி எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். புளியங்குடிப் பழம். எங்கள் பக்கத்துக்காரர்கள் எங்கே போனாலும் பையில் இருக்கும்.

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வ.உ.சி. நினைவுக்கு வந்தார். ஓட்டப்பிடாரத்துக்காரர், எங்கள் பக்கம்தான். 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டாரே, அதைப் பள்ளியில் 'வீரம்' என்று படித்தோம். வழித்தடம் நடத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்று யாரும் சொல்லித்தரவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது, கம்பெனி நொடித்தது, 1911-ல் மூடியாயிற்று. நூறு வருஷம் கழித்து 2011 ஜூனில் அதே தூத்துக்குடி – கொழும்பு வழியில் 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் வந்தது. அதுவும் அந்த வருஷக் கடைசிக்குள் நின்றுபோனது. கப்பல் விடுவது செய்தி. கப்பல் ஓடிக்கொண்டே இருப்பது செய்தியாவதில்லை. அதுதான் கஷ்டமான வேலை.

நான்கு மணி நேரம் போல ஆனது. காங்கேசன்துறையில் முதலில் கண்ணில் பட்டது மூடிக் கிடக்கும் பழைய சிமென்ட் ஆலை. யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை ரயில் ஏறினோம். ஆச்சி ஏறுவதற்கு முன் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தாள். "சிலிப்பர் கட்டை இல்லையே?" கான்கிரீட் ஆச்சி, என்றேன். இரண்டு நாட்டிலும் ஒரே அகலப்பாதைதான், 1,676 மில்லிமீட்டர் என்று நான் படித்ததை ஒப்பித்தேன். "அப்போ நடுவுல கடல் இல்லேன்னா சங்கரன்கோவில்லயே ஏறி உக்காந்திருக்கலாம்" என்றாள். 1914-ல் பாம்பன் பாலம் கட்டியவர்களின் நினைப்பும் ஏறக்குறைய அதுதான். சென்னையில் ஒரே டிக்கெட் வாங்கி, தனுஷ்கோடிவரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் என்று 'போட் மெயில்' ஓடிய காலம் அது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பல் 1984-ல் நின்றது.

1984. அந்த வருஷத்தை நான் இவ்வளவு சாதாரணமாக எழுதக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆனையிறவு, பரந்தன் தாண்டிக் கிளிநொச்சியில் இறங்கினோம். தாத்தா பிளாட்பாரத்தில் கைத்தடியோடு நின்றிருந்தார். 74 வயது, ஒரு கண்ணில் பார்வை மங்கல். ஆச்சியைத் தொட்டுத் தடவிப் பார்த்து, "அப்பா மாதிரியே ஆகிட்ட" என்றார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. பையைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அவர்கள் இருப்பது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. வடக்கு, கிழக்கு, மலையகம் சேர்த்து முதலில் 50,000 வீடு என்று இந்தியா கொடுத்த மானியம். வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், கட்டக் கட்டத் தவணையாக. இரண்டு அறை, ஒரு கூடம், ஓட்டுக்கூரை. பணம் பத்தாமல் ஒரு பக்கச் சுவர் பூசாமலே இருந்தது. "இந்தியா கொடுத்த வீடு, மிச்சம் எங்க கடன்" என்று தாத்தாவின் மருமகள் சிரித்தார். கூடத்தில் மாலை போட்ட ஒரு இளைஞனின் படம். யாரென்று நான் கேட்கவில்லை. ஆச்சி மட்டும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, கோமதி அம்மன் குங்குமத்தை வைத்துவிட்டு வந்தாள்.

இந்தியா என்றால் அங்கே எல்லோருக்கும் ஒரே முகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீன் கொண்டுவந்த ஒருவர், நான் தமிழ்நாட்டுப் பத்திரிகைக்காரி என்றதும், "உங்கட ஆக்களின்ர இழுவைமடியால எங்கட வலை போச்சுது, அதையும் எழுதுங்கோ" என்றார். எழுதிவிட்டேன். ரயில் போட்டதும் நாம், வலை கிழித்ததும் நாம். அவருக்கு இரண்டும் ஒரே கடலில்தான் வருகின்றன.

இரண்டாம் நாள் இரவு சாப்பிட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தோம். கரன்ட் இருந்தது, காற்று இல்லை. சேலைகளைப் பற்றி, தறியைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசி முடித்து ஒரு அமைதி. ஆச்சி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அப்பா சாகுறப்ப ஒன் பேரைத்தான் சொல்லிட்டுக் கெடந்தாரு. தந்தி குடுத்தோம். நீ வரலையே அண்ணே."

தாத்தா பதில் சொல்லவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, அலமாரியின் மேலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்துவரச் சொன்னார். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் கையில் இருந்த டின் அது என்று மருமகள் சொன்னார். உள்ளே காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பாலிதீன் பையில் சுற்றிய இரண்டு சின்னப் புத்தகங்கள். அட்டையில் நம் சிங்க முத்திரை. இந்தியப் பாஸ்போர்ட். கண்டியில் கொடுத்தது, 1981. ஒன்றில் இளைய தாத்தா, இன்னொன்றில் அவர் மனைவி.

"காயிதம் வர எட்டு வருசம் ஆச்சு. வந்தப்ப சின்னவனுக்கு உடம்பு சரியில்ல, தேறட்டும்னு இருந்தோம். எண்பத்திமூணு ஆடியில கலவரம். அது அடங்கட்டும்னு இருந்தோம். சாமான் எல்லாம் வித்தாச்சு. அடுத்த வருசம் கப்பலே நின்னுபோச்சும்மா."

ஆச்சி பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். எழுதப்படிக்க அவளுக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் முத்திரை இல்லாத பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிய எழுத்து வேண்டியதில்லை.

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்லா?"

"போட்டேன். எது எங்க போச்சோ. தந்தி எனக்கு வரவே இல்ல. அப்பா போன செய்தியே ரெண்டு வருசம் கழிச்சுத்தான் ஒருத்தர் சொல்லித் தெரியும்."

இந்தியக் குடியுரிமை கிடைத்தும் கப்பல் ஏற முடியாமல் இலங்கையிலேயே தங்கிப்போனவர்கள் 80,000 பேருக்கும் மேல். இந்த எண்ணை நான் முன்பே எங்கோ படித்திருந்தேன். அந்த 80,000 பேரில் இரண்டு பேரின் பாஸ்போர்ட் அன்று என் மடியில் இருந்தது. அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003-ல். அதுவரை கிட்டத்தட்ட இருபது வருஷம், ஒரு நாட்டின் காலாவதியான பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டின் போருக்கு நடுவில் இருந்திருக்கிறார்கள். ஒரு கப்பல் நின்றதற்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது.

ஆச்சி கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அடுப்படிக்குப் போனாள். மருமகள் தடுத்தும் கேட்காமல் தானே தேயிலை போட்டு, சாயத்தை இரண்டு ஆற்று ஆற்றி, அண்ணனுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். "சீனி போடல. ஒனக்கு ஆகாதுல்லா." அதன் பிறகு அப்பாவைப் பற்றி அவர்கள் விடியும்வரை பேசினார்கள். நான் தூங்கிவிட்டேன்.

பத்து நாள் இருந்தோம். கிளம்பும் அன்று தாத்தாவின் பேத்தி என்னிடம் கேட்டாள், பாலம் கட்டுவார்களா என்று. இந்தியாவையும் இலங்கையையும் தரைவழியாக இணைப்பது என்று 2023-ல் இரு நாடுகளின் கூட்டு ஆவணத்திலேயே பேசினார்கள். நான் அதையும் செய்தியாகப் போட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பாலத்தைவிட, மழைக்காலத்திலும் நிற்காத, சிறு வியாபாரி மூட்டையைப் பிரித்து மறுபடி கட்டத் தேவையில்லாத ஒரு கப்பல் போதும் என்று தோன்றுகிறது. தலைமன்னார் – ராமேஸ்வரம் வழியையும் திறந்தால் இன்னும் நல்லது. இரண்டு கரையிலும் ரயில் தயாராக வந்து நிற்கிறது. பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆச்சிக்கு 67, தாத்தாவுக்கு 74 என்பதால் அவசரத்தில் சொல்கிறேன்.

தபசுக்குத் திரும்பிவிட்டோம். நெரிசலில் நின்று சங்கரநாராயணர் காட்சி கொடுத்ததைப் பார்த்த ஆச்சி, பக்கத்தில் நின்ற யார் யாரிடமோ "எங்க அண்ணன் வாரேன்னுதான் இருந்தான், கப்பல்தான் நின்னுபோச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அடுத்த தபசுக்குத் தாத்தாவின் பேத்தி வருகிறாள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டதாக மெசேஜ் அனுப்பினாள். அவள் கையில் கொடுத்தனுப்ப ஆச்சி இப்போதே சேலை எடுத்து வைக்கிறாள். போன வாரம் கடைத்தெருவில் ஒரு கைத்தராசு வாங்கி வந்திருக்கிறாள், கொக்கியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டுமே, அது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பையை மாட்டித் தூக்குவாள். என்னைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொல்வாள். நேற்று 9.4 கிலோ. "இன்னும் ஒரு சேலைக்கு எடம் இருக்கு" என்றாள்.